துருவும் மெருகும்: பழைய மோட்டார் சைக்கிள் கேள்வி பதில்

பழைய மோட்டார் சைக்கிள்களின் உலோகப் பாகங்களைப் புதுப்பிப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துள்ளோம். உலோகத்தில் ஒருமுறை தேய்த்தெடுத்தது திரும்பி வராது. ஆகவே எங்கே தேய்க்கலாம் என்பதைவிட எங்கே கைவைக்கக் கூடாது என்பதற்கே பதில்களில் கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

என்னிடம் 1992ஆம் ஆண்டு யமஹா ஆர்எக்ஸ் 100 இருக்கிறது. மட்கார்டுகளுக்கும் ஹேண்டில் பாருக்கும் சென்ற ஆண்டு புதிதாகக் குரோம் பிளேட்டிங் செய்தேன். ஆறு மாதத்துக்குள் புள்ளி புள்ளியாகத் துரு வந்துவிட்டது. கடல் காற்று காரணமா, பட்டறையின் குறையா?
– வாசகர், தூத்துக்குடி

கடல் காற்றில் உள்ள உப்பு துருவை விரைவுபடுத்தும் என்பது உண்மைதான். ஆனால் சரியாகப் போட்ட முலாம் தூத்துக்குடியிலும் ஆறு மாதத்தில் தோற்றுவிடாது. நாம் குரோம் என்று சொல்லும் பளபளப்பில் குரோமியத்தின் பங்கு மிகச் சிறியது. அலங்காரத்துக்குப் போடும் குரோம் படலம் பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டாது. அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. லேசான நீலச் சாயலைத் தருவதும், கீறல் விழாமல் காப்பதும், அடியில் உள்ள நிக்கல் மங்காமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. துருவைத் தடுப்பது நிக்கல்தான். வெயிலிலும் மழையிலும் நிற்கும் பாகத்துக்கு நிக்கல் 20 முதல் 30 மைக்ரான் வரை இருப்பது நல்லது. முலாம் போடும் தொட்டியில் பாகம் கிடக்கும் நேரத்தைக் குறைத்தால் நிக்கல் மெலிந்துவிடும். பொருள் கைக்கு வரும் நாளில் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

மெலிந்த நிக்கலில் ஊசி முனையளவுத் துளைகள் நிறைய இருக்கும். இரும்பும் நிக்கலும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்போது அரிபடுவது இரும்பு. நிக்கல் அப்படியே நிற்கும். அதனால் ஒவ்வொரு துளைக்கும் அடியில் துரு குழி தோண்டிக்கொண்டே போய், மேலே உள்ள முலாமைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். நீங்கள் சொல்லும் புள்ளிகள் இவைதான். பழைய முலாமை முழுவதும் கழற்றாமலும், பழைய துருக்குழிகளைத் தேய்த்து அகற்றாமலும் அவற்றின் மேலேயே நிக்கல் போட்டிருந்தாலும் இதே விளைவுதான் வரும்.

மறுபடியும் கொடுப்பதானால் மூன்று விஷயங்களைப் பட்டறையில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய முலாம் முழுவதும் கழற்றப்பட வேண்டும். குழிகள் இருந்தால் தகட்டைத் தேய்த்து மெலிய வைக்காமல், கனமாகச் செம்பு முலாம் போட்டு, அதை மெருகிட்டுச் சமன் செய்து, அதன் மேல் நிக்கல் போட வேண்டும். நிக்கலின் கனத்தை மைக்ரான் கணக்கில் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை எதிர்கொள்ளும் விதத்திலேயே பட்டறையின் தரம் தெரிந்துவிடும். இன்னொன்று, மின்முலாம் மேடான இடங்களிலும் விளிம்புகளிலும் கனமாகப் படியும், குழிவான உட்பக்கத்தில் மிகக் குறைவாகவே படியும். ஆகவே மட்கார்டு திரும்பி வந்ததும், சக்கரத்தின் சேறு அடிக்கும் உட்பக்கத்தை எபாக்ஸி பிரைமரும் கறுப்பு பெயிண்டும் அடித்து மூடிவிடுங்கள். மட்கார்டு துருப்பிடிப்பது பெரும்பாலும் உள்ளிருந்துதான்.

தொழிற்சாலையில் போட்ட முலாம் இன்னும் மிச்சமிருக்கும் பாகங்கள் உங்கள் வண்டியில் இருந்தால் அவற்றைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மென்மையாகத் தேய்த்தால் மேலோட்டமான துரு போய்விடும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறாது. பிறகு கழுவி, ஈரம் போக உலர்த்தி, மெழுகு தடவுங்கள். கடலோரத்தில் இதை மாதம் ஒருமுறை செய்தாலே போதும். வீட்டிலேயே குரோம் முலாம் போட்டுப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம்; அந்தத் தொட்டியில் உள்ள குரோமிக் அமிலம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

சைலன்சர் பெண்டு பைப் புதிதாகப் போட்டும் நீலமாக மாறிவிடுகிறது. வேறு முலாம் போடலாமா?
– வாசகர், ஈரோடு

நீலம் வெப்பத்தின் அடையாளம். எந்த முலாம் போட்டாலும் திரும்ப வரும். பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகிறதா, இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா, சைலன்சர் சேரும் இடத்தில் காற்று கசிகிறதா என்று முதலில் பாருங்கள். அவற்றைச் சரிசெய்த பிறகு பைப்பை மாற்றுவதில் பொருள் உண்டு.

என் அப்பாவின் 1984ஆம் ஆண்டு புல்லட் 350. இன்ஜினின் பக்கக் கவர்கள் வெளுத்து, கறைபடிந்து கிடக்கின்றன. சாண்ட் பிளாஸ்டிங் செய்து பஃபிங் போட்டால் புதிது போலாகும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், சேலம்

பஃபிங், அதாவது சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகிடுவது, செய்யலாம். மணலால் அடிப்பதை வேண்டாம் என்றே சொல்வேன். கவர்கள் அலுமினியம். கடின மணல் அதன் மேல்தோலைக் கொத்திச் சொரசொரப்பாக்கிவிடும். பிறகு அந்தச் சொரசொரப்பைப் போக்க அவ்வளவு உலோகத்தையும் தேய்த்தெடுக்க வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட அந்தக் காலத்து புல்லட் இன்ஜினில் ஆயில் பம்புகள் டைமிங் கவருக்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன. கிராங்குக்கு (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) ஆயில் போகும் துளைகளும் அந்தக் கவரின் வழியாகவே செல்கின்றன. ஒரு சிட்டிகை மணல் அந்தத் துளைக்குள் தங்கினால், இன்ஜினை ஓட்டிய சில நிமிடங்களில் அது கிராங்கோடு கனெக்டிங் ராடு சேரும் பிக் எண்டுக்குப் போய்ச் சேரும். கவரின் பளபளப்புக்காக கிராங்கைப் பலி கொடுப்பது எந்த விதத்திலும் தகாது.

முதலில் கவரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவுங்கள். காஸ்டிக் சோடா கலந்த எந்தத் திரவமும் அலுமினியத்தின் அருகே வரக் கூடாது. அது அழுக்கோடு சேர்த்து உலோகத்தையும் கரைத்துவிடும். இரும்பு நாரும் வேண்டாம். அதன் துகள்கள் அலுமினியத்தில் புதைந்து பின்னாளில் துருப்புள்ளிகளாக வெளிவரும். கழுவிய பிறகே உண்மை நிலவரம் தெரியும். பல நேரங்களில் வெளுப்பு என்று நாம் நினைப்பது, யாரோ பின்னாளில் அடித்த தெளிவான வார்னிஷ் மஞ்சளித்து உரிவதாகவே இருக்கும். பெயிண்ட் ரிமூவரால் அதை எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அதன் பிறகு வாட்டர் பேப்பர். கீறல் ஆழமாக இருந்தால் 320, இல்லாவிட்டால் 400இல் தொடங்கி 600, 800, 1000 என்று தண்ணீர் ஊற்றியபடி தேய்த்துப் போங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய தாளின் கீறல்கள் முழுவதும் மறைந்தனவா என்பது கண்ணுக்குத் தெரியும். இந்த இடத்தில் அவசரப்படுபவர்கள்தான் பஃபிங் சக்கரத்தில் அழுத்திப் பிடித்து எழுத்துகளையும் விளிம்புகளையும் மழுக்கிவிடுகிறார்கள். ஸ்க்ரூ உட்காரும் இடத்தைச் சுற்றியுள்ள கூர்மையான ஓரமும், வார்ப்பில் வந்த எழுத்துகளும் அப்படியே நிற்கும் கவர்தான் நல்ல கவர். ஆழமான ஒரு குழிக்காகக் கவர் முழுவதையும் அரை மில்லிமீட்டர் இறக்க வேண்டாம். அந்தக் குழி அங்கேயே இருக்கட்டும். நாற்பது ஆண்டுகள் ஓடிய வண்டியில் அது குறையாகாது.

கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் கேஸ்கெட் உட்காரும் முகத்தில் பஃபிங் சக்கரம் படவே கூடாது. தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் கவரைக் கவிழ்த்துவைத்து, விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய தாளைச் செருகிப் பாருங்கள். எங்காவது தாள் தாராளமாக உள்ளே போனால் முகம் வளைந்திருக்கிறது என்று பொருள்; அங்கேதான் ஆயில் கசியும். வேலை முடிந்ததும் பாலிஷ் மெழுகு எல்லாத் துளைகளிலும் அப்பியிருக்கும். வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, ஒவ்வொரு துளையிலும் காற்றடித்து மறுமுனையில் வருகிறதா என்று பார்த்த பின்பே பூட்டுங்கள். மேலே வார்னிஷ் அடிப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. மெழுகு தடவித் துடைத்துவந்தால் மங்கும்போது பத்து நிமிடத்தில் மீட்டுவிடலாம். உரிந்துபோன வார்னிஷை அப்படி மீட்க முடியாது.

முன் ஃபோர்க்கில் ஆயில் சீலை எத்தனை முறை மாற்றினாலும் கசிகிறது. குழாயில் சிறு துருப்புள்ளிகள் உள்ளன. குரோம் பட்டறையில் கொடுத்தால் சரியாகுமா?
– வாசகர், திருச்சி

மட்கார்டுக்குப் போடும் குரோம் இதற்கு உதவாது. ஃபோர்க் குழாய்க்குத் தேவை ஹார்டு குரோம். முதலில் குழாயை அரைத்துச் சிறிதாக்கி, குரோமைக் கனமாகப் படியவைத்து, மறுபடி கிரைண்டிங் செய்து பழைய அளவுக்கே கொண்டுவரும் வேலை அது. அலங்கார குரோம் சீலின் உரசலைத் தாங்காது, அளவும் நிற்காது.

அதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். விரல் நகத்தைக் குழாயின் மேல் இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டும் இடமெல்லாம் சீலைக் கிழிக்கும் இடம். அந்தப் புள்ளி சீல் ஏறி இறங்கும் பகுதிக்கு மேலே இருந்தால் அது கசிவுக்குக் காரணமில்லை. எபாக்ஸி வைத்து அடைத்துச் சமன் செய்தால் போதும். அடுத்து, குழாயைக் கண்ணாடித் தகட்டில் உருட்டுங்கள். ஓரிடத்தில் வெளிச்சம் தெரிந்து மறைந்தால் குழாய் வளைந்திருக்கிறது. வளைந்த குழாய்க்கு ஹார்டு குரோம் போடுவது வீண் செலவு. அதிகம் விற்ற வண்டிகளுக்குப் புதுக் குழாய் கிடைக்கிறது. பல நேரங்களில் அதுவே மலிவு. கிடைக்காத அபூர்வ வண்டிகளுக்கு மட்டும் ஹார்டு குரோம் பட்டறையை நாடுங்கள்.

1980களின் புல்லட் டேங்க். வெளியே பெயிண்டும் தங்கக் கோடுகளும் நன்றாக இருக்கின்றன, உள்ளே துரு. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா? பெயிண்டையும் புதிதாக அடித்துவிடலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பெயிண்டைத் தொடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். புல்லட் டேங்கின் கோடுகள் திருவொற்றியூர் தொழிற்சாலையில் பிரஷ் பிடித்துக் கையால் இழுக்கப்பட்டவை. உற்றுப் பார்த்தால் பிரஷ் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தெரியும். ஸ்டிக்கர் ஒட்டி அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. லேசான ரப்பிங் காம்பவுண்டும் மெழுகும் போதும். அதையும் கோடுகளின் மேல் அழுத்தித் தேய்க்காதீர்கள்.

உட்புறத்துக்கு வருவோம். பட்டறைகளில் ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவை வேகமாகத் தின்னும், நல்ல இரும்பையும் தின்னும். தகடுகள் சேரும் மடிப்பில் மிச்சம் தங்கி மாதக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் எலுமிச்சை உப்பு என்று கடைகளில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தைப் பயன்படுத்துங்கள். பெட்ரோலை முழுவதும் வடித்து, சோப்பு நீரால் வாசனை போகும்வரை பலமுறை கழுவுங்கள். பெட்ரோல் குழாய்த் துளையை போல்ட்டு வைத்து அடையுங்கள். கட்டியாகப் படிந்த துருவை உதிர்க்க, சிறு நட்டுகள் ஒரு கைப்பிடி உள்ளே போட்டுக் குலுக்கலாம். எத்தனை போட்டீர்கள் என்று எண்ணி எழுதிவைத்து, அத்தனையும் வெளியே வந்ததா என்று சரிபாருங்கள். பிறகு சிட்ரிக் அமிலத்தை லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் என்ற கணக்கில் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, டேங்கை விளிம்புவரை நிரப்பி ஓர் இரவு விடுங்கள். டேங்கின் வெளிப்புறத்தைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, வாய்ப்பகுதியைச் சுற்றி கிரீஸ் தடவிவைத்தால் வழிந்தாலும் பெயிண்ட் தப்பும்.

காலையில் கரைசலை வடித்து, சலவை சோடா கரைத்த நீரால் ஒருமுறையும் நல்ல நீரால் இருமுறையும் அலசி, உடனே சூடான காற்றால் உலர்த்துங்கள். இந்தக் கட்டத்தில் தாமதம் கூடாது. சுத்தமான ஈர இரும்பு சில நிமிடங்களிலேயே மஞ்சளாகத் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். உலர்ந்ததும் சிறிது இன்ஜின் ஆயில் ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டிவிடுங்கள். வண்டியை ஓட்டும் நாளில் பெட்ரோலால் அலசிக்கொள்ளலாம்.

ஓட்டை இருந்தால் நீங்களே பற்றவைக்க முயலாதீர்கள். மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த டேங்கிலும் பெட்ரோல் ஆவி இருக்கும்; அது வெடித்து உயிரையே பறிக்கும். அந்த வேலையில் பழகிய கைகளிடமே கொடுக்க வேண்டும். இன்னொன்று, நம் ஊரில் இப்போது விற்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். துரு பெரும்பாலும் அடி மடிப்பில் தொடங்குவது அதனால்தான். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

எல்லா நட்டு போல்ட்டுகளுக்கும் குரோம் போட ஆசை. போடலாமா?
– வாசகர், மதுரை

வேண்டாம். போல்ட்டுகளுக்கு ஏற்றது துத்தநாக முலாம். துத்தநாகம் இரும்புக்கு முன் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். கீறல் விழுந்த இடத்திலும் அந்தக் காவல் தொடரும். மேலும், அமிலத்தில் நனைத்து மின்முலாம் போடும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துகொள்ளும். சாதாரண இரும்புக்கு அதனால் கேடில்லை. ஆனால் உயர் வலிமை போல்ட்டுகளும் ஸ்பிரிங்குகளும் அதனால் நொறுங்கும் தன்மை அடைந்து, பூட்டிய சில நாட்களுக்குப் பிறகு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் முறியலாம். முலாம் போட்ட உடனே சுமார் 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சுட்டு அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். சிறு பட்டறைகளில் இதைச் செய்வது அரிது. தலையில் 8.8, 10.9 என்று வலிமை எண் பொறித்த போல்ட்டுகளையும், ஆக்சில், பிரேக் சார்ந்த எதையும் முலாமுக்குக் கொடுக்காமல் புதிதாக வாங்கிப் போடுங்கள்.

ஆர்எக்ஸ் 100 பிளாக்கை ரீபோர் செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். லேத் பட்டறையில் என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், வேலூர்

ரீபோர் என்பது தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைச் சற்றுப் பெரிதாகக் கடைவது. முதலில் பிஸ்டனை வாங்குங்கள். இந்த இன்ஜினின் அசல் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மி.மீ.; 0.25, 0.50 என்று படிப்படியாகப் பெரிய பிஸ்டன்கள் கிடைக்கின்றன. போரின் மேலும் நடுவிலும் கீழும், ஒவ்வோரிடத்திலும் குறுக்காக இரு திசைகளில் அளந்து, தேய்மானம் தீரும் மிகச் சிறிய அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரேயடியாகப் பெரிய அளவுக்குப் போனால் அடுத்த முறைக்கு உலோகம் மிஞ்சாது. கையில் உள்ள பிஸ்டனை மைக்ரோமீட்டரால் அளந்து, அதற்குரிய இடைவெளி விட்டுத்தான் பிளாக்கைக் கடைய வேண்டும், "0.25க்குக் கடைந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவது போதாது.

டூ ஸ்ட்ரோக் பிளாக்கில் பலர் மறக்கும் வேலை ஒன்று உண்டு. கடைந்த பிறகு போர்ட்டுகளின் (சிலிண்டர் சுவரில் வாயு போய்வரும் துளைகள்) ஓரம் கத்தி போல் கூர்மையாக நிற்கும். பிஸ்டன் ரிங் அதில் மாட்டினால் உடையும். அந்த ஓரங்களை லேசாகச் சாய்த்துத் தேய்த்துவிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக, ஹோனிங் செய்த (உட்சுவரில் நுண்கோடுகள் விழ அரைத்த) பிளாக்கைப் பெட்ரோலால் மட்டும் கழுவிப் பூட்டக் கூடாது. அரைத்த தூள் கோடுகளுக்குள் தங்கியிருக்கும். வெந்நீரும் சோப்பும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து, ஆயில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் படிவது நிற்கும்வரை மறுபடி மறுபடி கழுவ வேண்டும்.

சேஸிக்கு பவுடர் கோட்டிங் நல்லதா, பெயிண்டா? நிறத்தையும் மாற்ற நினைக்கிறேன்.
– வாசகர், கடலூர்

அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு பவுடர் கோட்டிங் உறுதியானது. ஆனால் அதை 180 முதல் 200 டிகிரி வெப்பத்தில் சுட்டுப் பதிய வைப்பார்கள் என்பதால் புஷ், பேரிங் கப், ரப்பர், வயர் எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிட வேண்டும். பள்ளங்களை நிரப்பும் சாதாரண பட்டி அந்தச் சூட்டைத் தாங்காது. மரை உள்ள துளைகளையும், இன்ஜின் பூட்டும் முகங்களையும், எர்த் வயர் சேரும் இடத்தையும் மூடச் சொல்லுங்கள். வெல்டிங்கில் விரிசல் இருந்தால் அதைக் கோட்டிங் மறைத்துவிடும். ஆகவே பழைய பெயிண்டை எடுத்தவுடன், புதியது ஏறுவதற்கு முன், ஒவ்வொரு இணைப்பையும் நல்ல வெளிச்சத்தில் நீங்களே நேரில் பாருங்கள்.

சேஸி எண் பொறித்த இடத்தில் கிரைண்டரோ மணலோ படக் கூடாது. கோட்டிங்கும் கனமாக ஏறக் கூடாது. 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது அந்த எண்ணைப் பார்ப்பார்கள். தெளிவாகத் தெரியாவிட்டால் வண்டியே சந்தேகத்துக்குள்ளாகும். அந்தப் பகுதியை டேப் ஒட்டி மறைத்து, பின்னர் கையால் மெல்லிய பூச்சு கொடுப்பது பாதுகாப்பு. வண்டியின் நிறம் பதிவுச் சான்றில் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், நிறத்தை மாற்றுவதானால் பெயிண்ட் பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் சான்றில் மாற்றி வாங்கிவிடுங்கள்.